யரேலி பார்த்த மூன்று வீடுகள்

அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு கம்பள ஆலையில் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து, ஒரு ஷிப்டையே வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் குடியேற்ற வழக்குகள் பார்க்கும் வக்கீலம்மா கோயிலிலேயே சொல்லிவிட்டார்:

“உங்களப் புடிச்சு மெக்சிகோவுக்கு அனுப்பிட்டா, புள்ளைங்க யார் வீட்ல இருக்கும்? இந்த நாட்டுல இருக்கப் பேப்பர் உள்ள ஒருத்தர் பேருக்கு இப்பவே கையெழுத்துப் போட்டு வைங்க. இல்லேன்னா கவர்மென்டே ஒரு வீடு பாத்துக் குடுத்துரும்.”

எலெயுத்தேரியோவுக்கும் அவர் மனைவி ஒப்துலியாவுக்கும் பேப்பர் கிடையாது. பத்து வயது மகள் யரேலி இங்கேயே பிறந்தவள். அசல் அமெரிக்கக் குடிமகள். போலீஸ்காரனைப் பார்த்தால் கையாட்டுகிற ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

“நான் இருக்கப்போற வீடு. நான்தான் பாப்பேன்” என்றாள் யரேலி.

பேப்பர் உள்ள மூன்று பேர் வீட்டைப் பார்க்க, மகளை டிரக்கில் ஏற்றிக்கொண்டு எலெயுத்தேரியோ கிளம்பினார். அவரிடம் லைசென்சும் இல்லை. ஆகவே யார் கண்ணிலும் படாத வேகத்தில் ஓட்டினார். ஓர் ஆமை பொறுத்துப் பார்த்து, பிறகு முந்திப் போனது.

முதலில் யரேலியின் ஞானத்தகப்பன் திரான்கிலினோ வீடு. அவர் டூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதினால் பக்கத்துப் பண்ணையில் கோழிகள் முட்டையை அவித்தே இடும். யரேலியையும் ஊதவிட்டார். ஊஞ்சல் கட்டித் தருவதாகவும் சொன்னார்.

“வீடு எப்படி?” என்று டிரக்கில் ஏறியதும் கேட்டார் எலெயுத்தேரியோ.

“ரொம்ப நல்ல வீடுப்பா. வேணாம்.”

அடுத்தது நிக்கனோரா அத்தை. அவள் சோளமாவில் மெத்தென்று அவிக்கும் தமாலேயைத் தின்ன, பல் போனவர்கள் புளோரிடாவிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். யரேலி ஆறு தின்றாள்.

“இதுவும் வேணாம்.”

“அடிப்பாவி! தின்னுட்டுச் சொல்றியே!”

கடைசியாக விதவை எர்மெலிந்தா. அவள் பீன்ஸில் போடும் உப்புக்கு, மீதியைத் தின்ற நாய் ஓடையில் தண்ணீர் குடித்தது. ஓடை ஒரு முழம் இறங்கிவிட்டது.

“காலைத் தேய்ச்சு நடக்காத. இங்க டிவி கிடையாது. தினம் மூணு ஜெபமாலை. சிரிக்கறதுன்னா வெளிய போயிச் சிரி” என்றாள் எர்மெலிந்தா.

“இந்த வீடுதான்” என்றாள் யரேலி.

எலெயுத்தேரியோ அவளை டிரக்குக்கு இழுத்து வந்தார். “புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

“அத்தை வீட்ல விட்டா, ‘புள்ள நல்லாத்தான் இருக்கும்’னு நீயும் அம்மாவும் மெக்சிகோவுலயே நிம்மதியா உக்காந்துருவீங்க. இந்தம்மாகிட்ட விட்டா உங்களுக்குத் தூக்கம் வராது. எப்படியாச்சும் வந்துருவீங்கல்ல?”

வழியில் எத்தனை பெரிய பாலைவனம் கிடக்கிறது என்று எலெயுத்தேரியோவுக்குத் தெரியும். அதை ஒரு தடவை நடந்தவர். டிரக்கில் உட்கார்ந்து முன்கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். அப்புறம் இறங்கிப் போய், எர்மெலிந்தாவிடம் நாளைக்கு வக்கீலம்மாவைப் பார்க்க வரமுடியுமா என்று கேட்டுவிட்டு வந்தார்.

“வந்துருவேன்டி. அனுப்புன மறுநாளே வந்துருவேன்.”

யரேலி யோசித்தாள்.

“மறுநாளே வேணாம்ப்பா. அம்மாவுக்குக் கால் வலிக்கும். மெதுவாவே வாங்க.”