வயிறு அளந்த நாடா

"வயித்தை உள்ள இழுக்காத கண்ணு, சும்மா விடு" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் குழந்தையின் முதுகுக்கு அடியில் நாடாவை நுழைத்து மறுபக்கம் எடுத்தாள். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் நேற்று மாலை பேனாவால் போட்ட கோடுகள் இருந்தன. நாடா கோட்டின் மேலேயே போக வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பிவிடும். அது குழந்தையின் அம்மாவான அக்காவின் நாடா. பள்ளிச் சீருடை தைக்கிறவள் எங்கே போனாலும் பையில் அது இருக்கும். வார்டில் இருந்த நாடா எங்கோ தொலைந்து மூன்று நாளாகிறது.

"ஐம்பத்தாறு சென்டிமீட்டர்" என்றாள் நர்ஸ்.

"ஆறு மணிக்கு ஐம்பத்து மூணுதானே இருந்துச்சு?" என்று அக்கா கேட்டாள். நர்ஸ் தாளில் குறித்தாள்.

"எனக்கு என்ன தைக்கப் போறீங்க?" என்றது படுக்கையிலிருந்து ஒரு சன்னக் குரல். "கவுனா, கோணிப்பையா?"

ஒன்பது வயது, தலையில் ஒரு முடி இல்லை, உதடெல்லாம் புண். வாய் மட்டும் அடங்கவில்லை. அதனால்தான் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அக்கா சிரிக்க முயன்றாள். கதவோரம் நீல அங்கியும் கையுறையும் போட்டு நின்றிருந்த அவள் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் பத்தொன்பது வருடமாக மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவன். வாலு அவனை மாத்திரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அந்த மாத்திரை மாமா முந்தாநாள் சாயங்காலம் ஒன்றும் நேற்றுக் காலை ஒன்றுமாக யாரையும் கேட்காமல் அவளுக்கு இரண்டு மாத்திரை கொடுத்திருந்தான். அது அவனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் கிருமிக்கொல்லி ஏற்றினார்கள், காய்ச்சல் போனது. நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை. "காய்ச்சல் கிருமியைக் கொல்ற மருந்து குடல்ல இருக்கிற நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுடும்" என்று டாக்டரம்மா விளக்கினார். "வீடு காலியா இருந்தா கண்டவனும் குடியேறுவான்ல, அந்த மாதிரி." பரிசோதனைக்கு அனுப்பினார்கள், மருந்தை மாற்றினார்கள், தனி அறைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தக் கிருமி சுவரில் மாட்டியிருக்கும், கையில் தேய்க்கிற மருந்துக்குச் சாகாது, சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை கழுவ வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டினார்கள். அதற்கு வாலுதான் போலீஸ். உள்ளே யார் வந்தாலும், டாக்டரே வந்தாலும், "சோப்பு போட்டீங்களா?" என்பாள். அவன் தோல் உரியும் அளவுக்குக் கழுவினான். சொன்னதையெல்லாம் செய்தவன் சொல்லாத ஒன்றையும் செய்து தொலைத்தான்.

முந்தாநாள் அக்கா துணி அலசப் போயிருந்தபோது வாலு போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு பேசினாள். "மாமா, நான் என்ன பாப்பாவா? எனக்குப் போய் டயப்பர் கட்டி விட்டிருக்காங்க. நர்ஸக்கா வேற ஒவ்வொரு தடவையும் தொடைச்சு விடறாங்க. கடைல எல்லாருக்கும் குடுக்கறீங்கல்ல, எனக்கும் ஒண்ணு குடுங்க."

கடைக்கு ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பேசி முடிப்பதற்குள் அவன் போக்கை நிறுத்தும் மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்துவிடுவான். பழக்கதோஷம். அன்றைக்கும் சட்டைப்பையில் ஒரு பட்டை இருந்தது. டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் கொண்டுவந்தான். கேட்கவில்லை. போர்வைக்குள் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

"அம்மாகிட்ட சொல்லாத" என்றான்.

நேற்று முழுக்க ஒரு தடவைகூடப் போகவில்லை. அக்கா மூன்று வாரம் கழித்துப் பல் தெரியச் சிரித்தாள். டயப்பரைக் கழற்றி வீசிவிட்டு, வாலு தன் சொந்தக் கால்சட்டையில் ஜன்னல் வரை நடந்துபோனாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. படித்த டாக்டர்களால் முடியாததை நாம் சாதித்துவிட்டோம் என்றுகூட நினைத்தான், பாவி. சாயங்காலம் டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கோடு போட்டு அளக்கச் சொன்னார்.

இன்று காலை அவன் மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து, அந்த மாத்திரைப் பெட்டியில் நாலாக மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்தான். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. எறும்பு மாதிரி எழுத்து. கிருமிக்கொல்லி மருந்தால் வரும் வயிற்றுப்போக்குக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. வெளியே போக வேண்டிய விஷம் குடலுக்குள்ளேயே தங்கிவிடுமாம், குடல் வீங்குமாம். அதே வரியை விரல் வைத்து மறுபடியும் படித்தான்.

ஐம்பத்தாறைப் பார்த்த டாக்டரம்மா இருவரையும் நேராகப் பார்த்துக் கேட்டார். "நாங்க எழுதாதது வேற ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, கடை மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

அவன் வாயைத் திறந்தான்.

"இல்லங்க டாக்டர்" என்றாள் அக்கா. "எதுவுமே குடுக்கல."

இப்போது சொன்னால் அக்காவைப் பொய்க்காரி ஆக்குவதுபோல் ஆகிவிடும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டான். உண்மையில் பயம். அக்கா முகத்தில் இனிமேல் எப்படி முழிப்பது என்கிற பயம். வாலு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாளாம்.

வயிற்றை எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு நாடா ஐம்பத்தெட்டு காட்டியது. பதினொன்றரைக்கு அறுபது. வாலு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் அவனை உலுக்கியது. அங்கியைக்கூடக் கழற்றாமல் வராந்தாவில் ஓடினான்.

"டாக்டர், நான் குடுத்தேன். நான்தான். அக்காவுக்குத் தெரியாது."

அவர் பட்டையை வாங்கிப் பார்த்தார். "எத்தனை?"

"ரெண்டு."

"எப்பெப்ப?"

சொன்னான். அவர் நின்றபடியே எழுதிக்கொண்டார். சொன்னபடியே திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"காலைல கேட்டேனே" என்றார். பிறகு, "இது இல்லாமலும் இப்படி ஆகும். அவ உடம்புல எதிர்த்து நிக்க ஒண்ணுமே இல்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

ஒரு மணிக்கு அறுவை டாக்டர் வந்து பார்த்தார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. உடனே கீழே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். கட்டில் கதவைத் தாண்டும்போது அவன் ஓடிப்போய் அவள் நெற்றியைத் தொடக் கையை நீட்டினான். வாலு பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"மாமா... சோப்பு?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். தொட்டியில் சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, இருபது வரை எண்ணினான். திரும்பி வந்தபோது கட்டில் இல்லை. லிஃப்ட் மூடியிருந்தது.

ரத்த அழுத்தத்தை ஏற்றப் போராடிக்கொண்டிருந்தபோதே, அறுவைக்கு முன்பே, நாலு மணி பத்து நிமிடத்துக்கு, வாலு இறந்துபோனாள்.

கீழே ஒரு சின்ன அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒரு மேசை, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு நாற்காலி. பக்கத்து அறையில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். லாரி ஓட்டப் போயிருந்த அத்தான், வாலுவின் அப்பா, வண்டியை வழியிலேயே ஒருவனிடம் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ஏழு மணிக்குள் வந்துவிடுவார்.

வீட்டுக்குப் போகிற அன்றைக்குப் போட என்று அக்கா தைத்து வைத்திருந்த மஞ்சள் கவுன் மேசைமேல் கிடந்தது. அக்கா அதை அவளுக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். வயிற்றில் பொருந்தவில்லை.

"அறுபத்து ரெண்டு" என்றாள். அவள் குரல் கடையில் அளவு சொல்லுகிற குரல்போலவே இருந்தது. "ரெண்டு பக்கமும் உள்ள துணி விட்டுத்தான் தைச்சேன். வளர்ற பிள்ளையாச்சேன்னு. பிரிச்சா சரியா வந்துடும். அவங்கப்பா வர்றதுக்குள்ள போட்டுவிட்டுடணும்."

இதற்குமேல் தாங்காது என்று அவனுக்குத் தோன்றியது.

"அக்கா, நான்..."

"மாத்திரையா?" அவள் கத்தரிக்கோலின் முனையால் முதல் தையலைக் கிளப்பினாள். "தெரியும். அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டா. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு மாமா சொன்னாருன்னு, அதையும் சேத்துச் சொன்னா."

அவன் அவளையே பார்த்தான். காலையில் டாக்டர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அவள் சொன்ன பதிலும்.

"அப்புறம் ஏன்க்கா இல்லன்னு சொன்ன?"

"உன்னை உள்ள விடமாட்டாங்களோன்னு பயமா இருந்துச்சுடா. உன்னை விட்டா அவளுக்குச் சிரிப்புக் காட்ட யாரு இருக்கா?" நூல் சிக்கிக்கொண்டது. பல்லால் கடித்து அறுத்தாள். "நானும் சந்தோஷப்பட்டேனே. நின்னுடுச்சுன்னு நேத்து முழுக்கச் சந்தோஷப்பட்டேனே."

அவள் அழவில்லை. அவன்தான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி அழுதான். அவன் அழுது ஓயும்வரை அவள் விட்டுவிட்டாள்.

"ஒரு ஆளால முடியல" என்றாள் பிறகு. "இந்த ஓரத்தை இழுத்துப் பிடி."

அவன் எழுந்தான். மஞ்சள் துணியை நோக்கிக் கை நீட்டியவன் பாதியில் நிறுத்தி, மூலையிலிருந்த தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தான். சோப்பை எடுத்தான். அவன் இருபது எண்ணி முடிக்கும்வரை அக்கா துணியின் ஓரத்தை நீட்டியபடியே காத்திருந்தாள்.