இடது பக்கத்து உறை

"பிக்கப்ல உக்காருற மாதிரியே உக்காருங்க நெல்டாக்கா," என்றான் வெண்டல்.

நெல்டா உட்கார்ந்தாள். அது பிக்கப் இருக்கையேதான். எந்தப் பழைய வண்டியிலிருந்தோ கழற்றிய நீள இருக்கை ஒன்றை, பெல்ட்டும் பூட்டும் அறுபடாமல், தன் சேணக் கடையின் நடுவில் போட்டு வைத்திருந்தான் வெண்டல். நெவாடாவின் இந்த மூலையில் துப்பாக்கி உறை வாங்க வருகிறவர்கள் பாதி நாளை வண்டியில்தான் கழிக்கிறார்கள், அவர்களை நிற்க வைத்து அளவெடுப்பது முட்டாள்தனம் என்பது அவன் கட்சி.

"இப்ப எங்க குத்துது?"

"கேக்கவே வேணாம். விலாவுல. பெல்ட் பூட்டு ஒரு பக்கம், இந்த வெறும் உறை ஒரு பக்கம். நடுவுல நான்."

அவள் வலது இடுப்பில் கட்டியிருந்தது அவள் கணவன் ஹோமரின் உறை. ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுஷனுக்காக இதே வெண்டல் தைத்தது. ஹோமர் போன பிறகு இரண்டு குளிர்காலம் அதைக் கட்டிப் பார்த்தாள். இடுப்பு எலும்பு புண்ணானதுதான் மிச்சம். குதிரையோடு விழுந்ததில் அடிபட்ட வலது தோள் பின்பக்கம் எழும்பாது. முழங்கையைப் பின்னால் தூக்கினால்தான் அந்த நீளக் குழல் உறையை விட்டு வெளியே வரும். கடைசியில் ரிவால்வர் ஃபிரிட்ஜ் மேல் ஏறிக்கொண்டது. அவள் வெறும் இடுப்போடு மாடு பார்க்கப் போய் வந்தாள்.

போன மாதம் வடக்கு மேய்ச்சலில் ஒரு பசு வளைக்குள் கால் விட்டு முறித்துக்கொண்டு கிடந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. செய்ய வேண்டியது ஒன்றுதான், அதைச் செய்ய வேண்டிய பொருள் வீட்டில் இருந்தது. அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் எடுத்து வருவதற்குள் அண்டங்காக்கைகள் பசுவின் கண்ணில் ஆரம்பித்திருந்தன. பசுவுக்கு அப்போதும் உயிர் இருந்தது. இதை அவள் மகன் டேரனிடம் சொல்லியிருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவன் ரீனோவிலிருந்து கூப்பிடும்போது சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் சொல்லிவிட்டாள்.

"பசுவா இருந்ததால சரி. நீ விழுந்து கெடந்திருந்தா?" என்றான் டேரன். "மூணு தடவ சுட்டாத்தான் பக்கத்துப் பண்ணை பீட்டர்சன் வீட்டுக்குக் கேக்கும். அதுக்கும் துப்பாக்கி இடுப்புல இருக்கணும். தினமும் கட்டிக்கிட்டுப் போற மாதிரி ஒரு உறை வாங்கும்மா. இல்ல, மாட்டை வித்துட்டு இங்க வந்துடு. ரெண்டுல ஒண்ணு. மூணாவது பேச்சே இல்ல."

"வாங்கிக்கறேன்," என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஹோமரின் உறையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, வெண்டல் முதலில் மார்பில் கட்டும் உறையைக் கொண்டுவந்தான். தோளைச் சுற்றி ஒரு வார், முதுகைச் சுற்றி ஒரு வார். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான்.

"மீன் புடிக்க வர்ற டாக்டருங்க இதத்தான் வாங்குறாங்க."

"பசு ஈனும்போது அவங்க கன்னுக்குட்டி இழுக்கறாங்களா?"

"இல்ல."

"அப்ப கழட்டு."

கழற்றினான். வார் தோளைத் தாண்டும்போது அவள் பல்லைக் கடித்ததைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன். விவாகரத்தானவன். பேசிக்கொண்டே இருப்பான், ஆனால் பேசக்கூடாத இடம் தெரிந்தவன்.

அடுத்தது குட்டையான ஒரு உறை. கறுப்பேறாத புதுத் தோல், பூவேலை இல்லை, ஓரத்தில் இரட்டைத் தையல் மட்டும். அதை இடது பக்கம், தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், பிடி வலது கையைப் பார்க்கச் சாய்த்துக் கட்டினான்.

"முழங்கைய தூக்காதீங்க. கோட்டுப் பொத்தான் போடுற மாதிரி கைய குறுக்க கொண்டாங்க. அவ்ளோதான்."

நெல்டா கையைக் கொண்டுவந்தாள். உள்ளங்கை வெறும் உறையின் வாயில் வந்து நின்றது. தோள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை செய்தாள். உட்கார்ந்தபடியே குனிந்து பூட்ஸைத் தொட்டாள், வயிற்றில் இடிக்கவில்லை. இருக்கை பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள், பூட்டு வலது பக்கம், உறை இடது பக்கம். ஒன்றையொன்று தொடவில்லை.

"இதுல ஒரே ஒரு குறை," என்றான் வெண்டல். "யாராவது வண்டி ஓட்டி, நீங்க பக்கத்துல உக்காந்தா பூட்டு இந்தப் பக்கம் வந்துடும். அப்ப இடிக்கும்."

"யாரு ஓட்டப் போறா?"

அவள் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். வெண்டல் மெழுகுநூல் உருண்டையை எடுத்து இடம் மாற்றி வைத்தான்.

"சரி," என்றான். "துப்பாக்கியக் குடுங்க. வச்சுப் பாத்துடலாம்."

துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததை அவள் மேசைமேல் வைத்து விரித்தாள். ஹோமரின் அப்பா காலத்து ரிவால்வர். ஒவ்வொரு தடவையும் தோட்டாவைத் தட்டும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். பிடியின் மரம் கையெண்ணெய் ஏறிக் கரும்பழுப்பாகியிருந்தது. வெண்டல் குழலை மேசைக்குக் கீழே இருந்த மணல் வாளிப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோட்டா உருளையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தான்.

உள்ளே பித்தளை மின்னியது.

இந்த ஊரில் யாரும் அடுத்தவன் மேசைக்குத் தோட்டாவோடு துப்பாக்கி கொண்டுவருவதில்லை. காலி செய்து, பக்கக் கதவைத் திறந்து வைத்துத்தான் நீட்டுவார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவது போல அது. நெல்டா வாய் திறப்பதற்குள் வெண்டல் ஒவ்வொரு தோட்டாவாகத் தள்ளி எடுத்தான். ஆறு அறைகளிலிருந்து மேசையில் ஐந்து நின்றன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சுதான் போட்டிருக்கீங்க."

"அஞ்சுதான் போடணும்."

"ஆமா. ஆனா காலி ஓட்டை சுத்திக்குக் கீழ இல்ல. சுத்தி தோட்டா மேலயே உக்காந்திருந்துச்சு."

அவன் குரலை ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒண்ணு போடு, ஒண்ணு விடு, நாலு போடு, இழு, இறக்கு. இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படிப் போட்டால் சுத்தி காலி அறையில் வந்து உட்காரும். துப்பாக்கி கீழே விழுந்தாலும் கல்லில் பட்டாலும் வெடிக்காது. அவள் கொண்டுவந்த விதத்தில், சுத்தியில் ஒரு தட்டு விழுந்திருந்தால் போதும். துண்டில் சுற்றி, குண்டும் குழியுமான சாலையில், தன் தொடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

காலையில் சமையலறை மேசையில்தான் போட்டாள். ஒன்று போட்டாள். அப்போது சாலையில் ஒரு லாரி வேகம் குறைத்த சத்தம் கேட்டது. தன் வீட்டு வழிக்குத் திரும்பப் போகிறதோ என்று தலையைத் தூக்கினாள். எழுந்து ஜன்னலுக்கே போனாள். அது திரும்பவில்லை, ஏதோ பசுவுக்கு வழிவிட்டிருக்கும், போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது எதில் விட்டோம் என்று அவளுக்குச் சந்தேகம்கூட வரவில்லை. ஹோமராக இருந்தால் வாய்விட்டு எண்ணுவான். தனியாக இருக்கிறவள் யாருக்குக் கேட்க எண்ணுவாள்.

"டேரன் எனக்கு ஃபோன் பண்ணுனான்," என்றான் வெண்டல்.

"எப்ப?"

"திங்கக்கிழம. அம்மா வருவாங்க, எதக் கட்டுனாலும் உங்களுக்குச் சரிப்படலன்னு சொல்லி அனுப்பிடுங்க, அப்பத்தான் ரீனோவுக்கு வருவாங்கன்னான். அழுதுடுவான் போல இருந்துச்சு."

நெல்டா இருக்கை பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப எதுக்குடா என்னை ஒரு மணி நேரமா இந்த சீட்டுல உக்கார வச்சு வேடிக்கை பாத்தே?"

"அவன் சொன்னபடி சொல்றதா இல்லக்கா. சரிப்படலன்னா சொல்லலாம். சரிப்பட்டுருச்சே. நான் என்ன பண்ணட்டும்?"

"இப்ப என்ன பண்ணப் போற?"

"இப்பத்தான் இதயும் பாத்துட்டேனே."

அவன் தோட்டாக்களை ஒரு காகிதப் பையில் போட்டான். ரிவால்வரைத் துண்டில் திரும்பச் சுற்றத் தொடங்கினான். "இது இங்கயே இருக்கட்டும். தோல நனைச்சு இது மேலயே அச்சு புடிக்கணும். அடுத்த வாரம் வாங்க."

நெல்டா அவனுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள். நீல பிளாஸ்டிக்கில் வார்த்த பொய்த் துப்பாக்கிகள் வரிசையாகத் தொங்கின. குட்டைக் குழல், நடுக் குழல், நீளக் குழல். அவன் கடையில் எந்தத் தோலும் அவற்றின் மேல்தான் அச்சுப் பிடிக்கும்.

"அங்க தொங்குறது என்னடா, வாத்தா?"

வெண்டல் திரும்பிப் பார்த்தான். காது சிவந்தது. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"அக்கா, நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனா, இந்த உறைய வித்தது நான்."

"பண்ணையில எனக்கு ஏதாவது ஆகும். ரீனோவுல ஒண்ணுமே ஆகாது. அவன் வீட்டுல எனக்கு ஒரு ரூம் வச்சிருக்கான். ஜன்னலத் தெறந்தா அடுத்த வீட்டுச் சுவர். போன கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருந்தேன். அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. அங்கயும் பேச ஆள் இல்ல வெண்டல். மாடும் இல்ல."

வெண்டல் துண்டின் நுனியை மடித்துக்கொண்டிருந்தான். பிறகு அதை விரித்து, கதவு திறந்தபடியே ரிவால்வரை அவள் பக்கம் தள்ளினான். காகிதப் பையையும் தள்ளினான்.

"போடுங்க. நான் பாக்கறேன்."

அவள் குழலை மணல் வாளியை நோக்கிப் பிடித்தாள். விரல் முட்டிகள் வீங்கியிருந்ததால் முதல் தோட்டாவே நழுவிக் கீழே உருண்டது. வெண்டல் குனிந்து எடுத்துக் கொடுத்தான். போட்டாள். ஒன்று விட்டாள். வெளியே ஒரு வண்டி வந்து நின்று, கதவு படீரென்று சாத்தப்பட்டு, யாரோ யாரையோ திட்டும் குரல் கேட்டது. அவள் கழுத்து தானாக அந்தப் பக்கம் அசைந்தது. அசைந்ததை அவளே பிடித்து நிறுத்தினாள். மற்ற நாலையும் போட்டு, சுத்தியை முழுக்க இழுத்து, கட்டைவிரல் விடாமல் மெல்ல இறக்கினாள்.

வெண்டல் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பக்கவாட்டில் குனிந்து, உருளைக்கும் சட்டத்துக்கும் இடையிலிருந்த இடுக்கில் பார்த்தான்.

"சரியா இருக்கு."

"இன்னிக்கு," என்றாள் நெல்டா.

அவன் தலையாட்டினான். சுத்தியின் மேல் மாட்டும் தோல் வளையம் அவள் கட்டைவிரலுக்கு இறுக்கமாக இருந்ததால், அதைக் கழற்றிவிட்டு ஒரு அழுத்துப் பொத்தான் பட்டையைத் தைத்துக் கொடுத்தான். தைத்து முடித்து நூல் நுனியைத் தீயில் காட்டி அணைத்த பிறகுதான் கேட்டான்.

"ராத்திரி டேரன் கூப்புடுவான். என்ன சொல்ல?"

"பாத்ததச் சொல்லு."

"ரெண்டையுமா?"

நெல்டா உறையை இடது பக்கம் நகர்த்தி, பெல்ட்டை ஒரு துளை இறுக்கினாள். "ரெண்டையும் சொல்லு. அவன் என் பையன். பாதி தெரிஞ்சுக்கிட்டு தூக்கம் கெடுறதுக்கு முழுசாவே தெரிஞ்சுக்கட்டும்."

வீட்டுக்கு நாற்பது மைல். எங்கேயும் குத்தவில்லை. வழியில் எதிர்ப்பட்டது ஒரே ஒரு வண்டி, ஓட்டுகிறவன் வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான், அவளும் தூக்கினாள்.

நிலத்தின் எல்லையில், முனைக் கட்டையை ஒரு வளையத்தில் மாட்டி மூடும் கம்பி வாசல். இரண்டு பேர் வந்தால் ஓட்டாதவர் இறங்கித் திறப்பதுதான் முறை. அவள் வண்டியை நிறுத்தி, இறங்கி, நல்ல தோளைக் கொடுத்துக் கட்டையை அணைத்து, வளையத்தைக் கழற்றி, வாசலை இழுத்துப் போட்டாள். வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மூட நடந்து வந்தாள். அப்போதுதான் கேட்டது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் இடுப்புக்கருகில் ஒரு முனகல். நின்றாள், நின்றது. நடந்தாள், தொடர்ந்தது. புதுத் தோல் பழகும்வரை அப்படித்தான் பேசும்.

வாசலை மூடி வளையத்தை மாட்டினாள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேலியில் அன்று பார்ப்பதற்கு எதுவும் இல்லை. இருந்தும் அவள் கம்பியோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தாள், மெதுவாக, அந்தச் சத்தம் கூடவே வர.