பெல்ட் துணியா?

கல்லூரி நர்ஸம்மா மதியம் இரண்டரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பட்டியல் காலை ஏழரைக்கே ஜூடோ அறைக்கு வந்து சேர்ந்துவிட்டாள். தூக்கம் ஐந்து மணிக்கே விடைபெற்றுக்கொண்டது. வீட்டில் புரள்வதற்குப் பதில் அறையில் புரளலாம், அங்கே மெத்தையாவது பெரிது என்று கிளம்பிவிட்டாள்.

பட்டியல் என்பது கல்லூரி அவளுக்கு வைத்த பெயர். கடைக்குப் போக ஒரு பட்டியல், பரீட்சைக்குப் படிக்க ஒரு பட்டியல், எந்தப் பட்டியல் எந்தப் பையில் இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல். மூன்றாம் ஆண்டு மாணவி. கல்லூரி ஜூடோ மன்றத்தின் கேப்டன். வெள்ளை, பச்சை, பழுப்பு என்று தகுதிப்படி ஏறும் பெல்ட்டுகளில், மன்றத்தில் பழுப்பு கட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

விஷயம் இதுதான். தொற்று வந்ததும் கல்லூரியை மூடினார்கள். பல மாதம் கழித்துத் திறந்தபோது, மாணவர்கள் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும் என்று வகுப்புகளிலிருந்து பாதிப் பெஞ்சுகளை வெளியே எடுத்துவிட்டார்கள். எடுத்ததை எங்கே போடுவது? கல்லூரியின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பானவர் ஸ்டோர் சார். அவர் கண் ஜூடோ அறைமேல் விழுந்தது.

"ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் புரள்ற விளையாட்டு. இந்தக் காலத்துல அதுக்கு யார் அனுமதி கொடுப்பா? ரூம் சும்மாதானே கிடக்கு" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முதல்வர் ஒரு வழி சொன்னார். யாருக்கும் ஆபத்தில்லாமல் பயிற்சி நடத்த முடியும் என்று மன்றம் செய்து காட்ட வேண்டும். கல்லூரி நர்ஸ் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கையெழுத்து வந்தால் அறை ஜூடோவுக்கு. வராவிட்டால் பெஞ்சுக்கு.

இன்று வெள்ளிக்கிழமை. வெளியே தாழ்வாரம் முழுக்கப் பெஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கால் நீட்டிக்கொண்டு, பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

தொடாமல் ஜூடோ ஆடுவது எப்படி? இந்தக் கேள்வி வந்த அன்று மன்றத்தில் எட்டுப் பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஜூடோ என்றாலே எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்து, நிலை குலைத்து, தூக்கிப் போடுவது. "தண்ணி இல்லாம நீச்சல் கத்துக்கொடுக்கிற மாதிரிதான்" என்றான் தூண். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாமல் நிற்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பேச ஆரம்பித்தாலும் அப்படித்தான், நகர்த்த முடியாது.

விடை பட்டியலின் வீட்டுக் கடையில் இருந்தது. அவள் அப்பாவும் அம்மாவும் சலவைக்கடை வைத்திருக்கிறார்கள். முன்னால் மேசை, பின்னால் மூன்று இயந்திரங்கள், நடுவில் நீராவிப் புகை. ஒரு சாயங்காலம் அம்மாவும் அவளும் பெரிய படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, சுருக்கம் போனதும் மடிக்க வேண்டும். பட்டியல் யோசனையில் இருந்தாள். அம்மா ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். மகள் துணி மூட்டைமேல் போய் விழுந்தாள்.

"கேப்டனாம் கேப்டன்! ஒரு போர்வை இழுத்துத் தள்ளிடுச்சு" என்றார் அம்மா.

பட்டியல் மூட்டையிலிருந்து எழவே இல்லை. "அம்மா! என்னைத் தொடாமலே தள்ளிட்டீங்க!" என்று கத்தினாள்.

"மகளைத் தள்ளிவிட்டதுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்று அம்மா அப்பாவைப் பார்த்தார். மகள் அளவு நாடாவைத் தேடி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஜூடோ பெல்ட் ஒன்று இரண்டரை மீட்டர் நீளம். இருவர் பெல்ட்டை முனையோடு முனை முடிந்தால், முடிச்சுக்கும் பிடிக்கும் போக மூன்றரை மீட்டர் இடைவெளி. ஆளுக்கு ஒரு முனை. அவரவர் பெல்ட்டைத்தான் அவரவர் தொட வேண்டும். முடிச்சுப் போடுகிறவர் மட்டும் முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். தரையில் டேப் ஒட்டி வரைந்த ஆளுக்கொரு சிறு கட்டத்துக்குள் நின்று ஒருவரை ஒருவர் இழுத்துத் தடுமாற வைக்க வேண்டும். கால் கட்டத்தை விட்டு வெளியே போனால் தோல்வி. பெல்ட் தளர்ந்து தரையைத் தொட்டாலும் தோல்வி. தரையைத் தொடும்போதுகூட நடுவில் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கிறது என்று அவள் ஆறு முறை அளந்து பார்த்துவிட்டாள். நெருங்கி வந்தால் பெல்ட்டே காட்டிக்கொடுத்துவிடும், கண்காணிக்கத் தனியாக ஆள் வேண்டாம்.

மீதி எல்லாவற்றையும் விதிகளாக எழுதினாள். மொத்தம் பதினேழு. ஜன்னல் ஆறும் திறந்திருக்க வேண்டும். முகக்கவசம் கழற்றக்கூடாது. கத்தக்கூடாது, உற்சாகம் வந்தால் காலைத் தட்டிக்கொள்ளலாம். பதினோராவது விதி: அணிந்த துணி அனைத்தும் அன்றன்றே துவைக்கப்பட வேண்டும்.

"பெல்ட்டையுமா?" என்று தூண் அப்போதே கேட்டான்.

"பெல்ட் துணி இல்ல. பெல்ட் பெல்ட்" என்றாள் பட்டியல். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஏனென்றால் அந்த மன்றத்தில் ஒரு நம்பிக்கை. பெல்ட்டைத் துவைத்தால் அதில் ஊறிய வித்தையும் சேர்ந்து கரைந்துவிடும். யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. சீனியர் ஜூனியரிடம் சொல்வார், ஜூனியர் சீனியரானதும் அடுத்தவரிடம் சொல்வார். சலவைக்கடைக்காரர் மகள் இடுப்பிலேயே மூன்று வருடமாகத் தண்ணீர் படாத ஒரு துணி சுற்றியிருந்தது.

இரண்டரைக்கு நர்ஸம்மா வந்தார். பின்னாலேயே ஸ்டோர் சார், கையில் பெஞ்சுக் கணக்கு நோட்டோடு. நர்ஸம்மா மெத்தையைச் சுற்றி வந்தார், ஜன்னல்களை எண்ணினார், பதினேழு விதிகளையும் நின்று நிதானமாகப் படித்தார். "எழுத்து அழகா இருக்கு. ஆட்டத்தைக் காட்டுங்க" என்றார்.

பட்டியலும் தூணும் முதலில் இறங்கினார்கள். தூண் பலமாக இழுத்தான். பட்டியல் பதிலுக்கு இழுத்தாள். முடிச்சு சர்ரென்று நழுவியது. அசையாத தூண் அன்று அசைந்தான். மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்து, பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் போட்டு எழுந்து, "தவறி விழல சிஸ்டர், விழுற முறையைக் காட்டினேன்" என்றான்.

"நல்லா விழுறீங்க" என்றார் நர்ஸம்மா. ஸ்டோர் சார் நோட்டைத் திறந்தார்.

முடிச்சு ஏன் நழுவியது என்று பார்க்க நர்ஸம்மா குனிந்து, கையுறை விரல்கள் இரண்டால் பழுப்பு பெல்ட்டின் நுனியைத் தூக்கினார். வெளிச்சத்தில் திருப்பினார். அது தோல் மாதிரி பளபளத்தது.

"இதை எப்போ துவைச்சீங்க?"

பட்டியல் தூணைப் பார்த்தாள்.

"அது... பெல்ட், சிஸ்டர்."

"பருத்தியா, இரும்பா?"

"பருத்தி."

"அப்போ துணிதானே? உங்க பதினோராவது விதி என்ன சொல்லுது? நீங்க எழுதினதுதானே?"

நர்ஸம்மா வரிசையாக எல்லோரையும் பார்த்தார். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, மன்றத்தில் எல்லோரும் புதுசு என்று கூப்பிடுகிற பொடிசு, மெல்லக் கையைத் தூக்கினாள்.

"நான் பெல்ட் வாங்கியே நாலு நாள்தான் ஆச்சு, சிஸ்டர்."

"அப்போ நாலு தடவை துவைச்சிருக்கணும்." நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "ஆட்டம் நல்ல யோசனை. ஆனா வருஷக்கணக்கு வேர்வையைக் கையில சுத்திக்கிட்டுக் கிருமியைப் பத்திப் பேசக்கூடாது. எனக்கு நாலு மணி வரைக்கும் டியூட்டி. என் அறையில வெந்நீர் இருக்கு, வேணும்னா எடுத்துக்கோங்க."

மணி இரண்டு ஐம்பது. தூண் தன் பச்சை பெல்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். "ரெண்டு வருஷம் கேப்டன். இதைத் துவைச்சா நான் திரும்ப முதல் பாடத்துக்குப் போயிடுவேன்."

வெளியே ஒரு பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டது. பட்டியல் தன் பெல்ட்டைப் பார்த்தாள். இதைக் காப்பாற்றினால் கட்டிக்கொண்டு நிற்க இடம் இருக்காது. பெஞ்சுக்கு நடுவில் நின்று வித்தையை என்ன செய்வது?

"வாளியைக் கொண்டு வா" என்றாள்.

பிறகு எல்லாம் தலைகால் புரியாத வேகத்தில் நடந்தது. ஒருத்தன் வாளிக்கு ஓடினான், ஒருத்தி சோப்புத்தூளுக்கு, இரண்டு பேர் வெந்நீருக்கு. கழிவறை வாசலில், இரண்டிரண்டு மீட்டர் தள்ளி எட்டுப் பேரும் வரிசை கட்டினார்கள். பட்டியல்தான் முதலில் தன் பெல்ட்டை முக்கினாள். தண்ணீர் ஒரே நொடியில் பால் விடாத தேநீராக மாறியது.

"வித்தை போகுது பாரு, வித்தை போகுது!" என்று தூண் புலம்பினான்.

"அழுக்குடா அது! போடு!"

பச்சை மூன்று, வெள்ளை நான்கு, எல்லாம் அதே வாளியில் விழுந்தன. கோலால் கலக்கினாள், கசக்கினாள், அலசினாள். வேலை தெரிந்த கை. ஐந்து வயதிலிருந்து பழகிய கை. ஆனால் பதற்றம் அறிவை விழுங்கிவிட்டது என்பது முதல் பெல்ட்டை வெளியே எடுத்தபோதுதான் தெரிந்தது.

புதுசின் வெள்ளை பெல்ட் பழுப்பாக இருந்தது.

அடுத்த வெள்ளையும் பழுப்பு. பச்சைகூடப் பழுப்பில் புரண்டு எழுந்த மாதிரி. புதுசு தன் பெல்ட்டை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள்.

"கேப்டன், நாலே நாள்ல எனக்குப் பழுப்பு பெல்ட்டா?"

முதலில் தூண் சிரித்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கத்தக்கூடாது என்பது விதி, ஆகவே எல்லோரும் காலைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். தாழ்வாரத்தில் பெஞ்சுகள் அதிர்ந்தன.

மூன்று நாற்பது. பிழிந்தும் சொட்டிக்கொண்டிருந்த பெல்ட்டுகளோடு மறுபடி மெத்தை ஓரம். இந்த முறை தூணும் புதுசும். ஈர முடிச்சு இறுகிப் போய்க் கல்லாகிவிட்டது. தூண் இழுத்துப் பார்த்தான், இம்மி நழுவவில்லை. பட்டியல் முடிச்சையே பார்த்தாள். சற்றுமுன் காலை வாரிவிட்ட முடிச்சுக்கு மருந்து ஒரு வாளித் தண்ணீர்தானா!

தூண் இழுத்தான். புதுசு கட்டத்தின் விளிம்பு வரை போனாள். பெல்ட் தொய்ந்தது, தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. ஸ்டோர் சார் நோட்டை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். தூண் இன்னொரு இழுப்புக்கு உடம்பைப் பின்னால் சாய்த்தான். அந்த இழுப்பு வரும் வேளை பார்த்துப் புதுசு அதன் போக்கிலேயே கையை விட்டுக்கொடுத்து, சட்டென்று பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டினாள். போர்வை மடிக்கிற அம்மாவின் அதே வெட்டு. தூணின் வலது கால் டேப்பைத் தாண்டியது.

கால்கள் தடதடவென்று தட்டின. அதில் ஒரு ஜோடி பூட்ஸ் சத்தம் கனமாகக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டோர் சார் காலை நிறுத்திக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"கால் மரத்துப் போச்சு" என்றார்.

நர்ஸம்மா இன்னும் மூன்று ஜோடிகளை இழுக்கச் சொல்லிப் பார்த்தார். அளவு நாடாவை அவரே பிடித்து அளந்தார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு நிமிர்ந்தார். எட்டு இடுப்பிலும் கிட்டத்தட்ட ஒரே நிறம்.

"கேப்டன்னு போட்ட இடத்துல முதல்ல கையெழுத்து வேணும். இதுல யாரு கேப்டன்?"

"யாரோட சாயம் போயிருக்கோ அவங்கதான் சிஸ்டர்" என்றான் தூண்.

மூன்று ஐம்பத்தாறுக்குக் கையெழுத்து விழுந்தது. வாரம் மூன்று நாள், ஒரு நேரத்தில் எட்டுப் பேர், ஒவ்வொரு நாளும் பெல்ட் துவைத்த பிறகே வீட்டுக்கு. பட்டியலுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மெத்தையில் ஒரு கரணம் அடித்துவிட்டு வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"சார், அப்போ பெஞ்சு?" என்று புதுசு கேட்டாள்.

"வெளியிலயே கிடக்கட்டும்" என்றார் ஸ்டோர் சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "ஜன்னல் வழியா பார்க்கறவங்க உட்கார வேணாமா? நாளைக்கும் அந்தப் பொண்ணு ஆடுமா?"

பட்டியல் ஜன்னலோரம் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, ஒரு சந்தேகம். பழுப்பையும் வெள்ளையையும் ஒரே வாளியில போட்டு, வெந்நீரும் விட்டுட்டா, வெள்ளை திரும்ப வருமா?"

"எவன் போட்டது?" அப்பாவின் குரல் உயர்ந்தது. "வெந்நீரா? சாயத்துக்கு எமன் வெந்நீர்னு தெரியாதா? கடை போர்டைப் படிச்சிருந்தா இந்தக் கதி வருமா?"

"படிச்சிருக்கேன்பா. அந்த போர்டை எழுதினதே நான்தான்."

அப்பா, "இங்க வா, உன் மகளைக் கேளு" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கொண்டு வா, வெளுத்துப் பார்க்கலாம்" என்றார் கடைசியில்.

பட்டியல் திரும்பி, "அப்பா வெளுத்துத் தரேங்கறார், பெல்ட்டைக் கொடுங்க" என்றாள். புதுசு மட்டும் இரண்டு அடி பின்வாங்கித் தன் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

கதவைப் பூட்டுவதற்கு முன் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்த தாளின் அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள். விதி பதினெட்டு: பெல்ட்டும் துணியே. பழுப்புக்குத் தனி வாளி.