கூரை போன போஸ்-ஊய்

என் காலஞ்சென்ற கணவரின் அண்ணன் அசனாலிக்கு என் தொலைநோக்கியைக் கண்டாலே ஆகாது. ராத்திரியில் எங்கள் போஸ்-ஊய் கம்பளிக் கூடாரத்தின் உச்சி வட்டத்தை, புகை போகும் அந்த மரவளையத் திறப்பை, நான் மூடுவதில்லை, அதுதான் அவர் கோபம். திறந்து போட்டால் வீட்டு அதிர்ஷ்டம் பறந்துவிடுமாம். பறந்து போகிற அதிர்ஷ்டம் எனக்கு எதற்கு?

மலைமேல் சோங்-குல் ஏரிக்கரைக் கோடை மேய்ச்சலில் காற்று ஓயாது. வெட்டவெளியில் கருவியை வைத்தால் நடுங்கும், படத்தில் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளியும். அதனால் கம்பளிச் சுவருக்குள்ளே வைத்து, உச்சி வட்டம் வழியாகப் படம் எடுத்தேன். நான் பிடிக்க நினைத்தது பக்கவாட்டில் திரும்பி நிற்கும் ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவே கறுப்பாக ஒரு கோடு ஓடும். ஆனால் அந்த வட்டத்துக்குள் அது கொஞ்ச நேரம்தான் நிற்கும், பாதியைக் குறுக்குக் கம்புகள் வேறு மறைக்கும். கோடை முழுக்க எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தும் சாம்பல் கீற்றுதான் கிடைத்தது. கோட்டைக் காணோம். அந்த மண்டலத்தின் வெளிச்சம் படத்தில் இன்னும் சேர வேண்டும்.

நிலா இல்லாத கடைசி இரவு ஒன்று பாக்கி. அன்று பார்த்து, பனி வரப்போகிறது, இப்போதே கீழே இறங்குவோம் என்றார் அசனாலி. நாளைக்கு வருகிறேன் என்றேன். கூடாரம் என் தாய்வீட்டுச் சீதனம் என்றும் சொன்னேன். அவர் தன் மகன்களை ஏவிக் கூரைக் கம்பளியை உருவினார், கழிகளைக் கழற்றினார், உச்சி வட்டத்தையும் இறக்கி லாரியில் ஏற்றினார்.

"கூரையே போச்சு. இனி இங்க என்ன வேலை உனக்கு? ஏறும்மா வண்டியில."

நான் அண்ணாந்து பார்த்தேன். முழு வானம். மறைக்க ஒரு குச்சி இல்லை.

"சுவரை மட்டும் விட்டுட்டுப் போங்க மாமா. நாளைக்கு எடுத்துக்கலாம்."

"குளிர்ல விறைச்சுச் சாகப் போறியா?"

"அதிர்ஷ்டத்தைத்தான் நீங்க பத்திரமா லாரியில ஏத்திட்டீங்களே. அப்புறம் என்ன பயம்?"

மகன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். லாரி போய்விட்டது.

சுவருக்கு மேலே அந்த மண்டலம் எழும்பியதிலிருந்து விடியும்வரை விடாமல் எடுத்தேன். என்னிடமிருந்த இரண்டு ஆட்டுத்தோல் அங்கியையும் மாட்டிக்கொண்டு, கேமராவின் மாற்று பேட்டரி குளிரில் சாகாமலிருக்க அதை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் சுவரை எடுக்க வந்த அசனாலி என் கம்ப்யூட்டர் திரையைக் குனிந்து பார்த்தார். சாம்பல் கீற்றின் நடுவே மயிரிழையாக ஒரு கறுப்பு.

"இந்தக் கோட்டுக்கா இத்தனை வீம்பு?"

"ஆமா. அடுத்த வருஷம் கூரையே வேண்டாம் எனக்கு. மேல வரும்போது சுவரை மட்டும் ஏத்துங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே சுவரின் கயிற்றை அவிழ்க்கப் போனார். நான் திரையில் அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்தபடி இருந்தேன், எழவில்லை.