குளிரில் இறுகிய மூட்டு

ஆளில்லாமல் பறக்கும் அந்த விமானத்துக்குக் கொக்கு என்று பேர் வைத்திருந்தார்கள். வெள்ளை உடம்பு, ஒல்லியான நீளக் கால்கள், வயிற்றுக்கடியில் ரத்தப் பைகள் வைக்க ஒரு பெட்டி. அண்ணனும் தங்கையும் சேர்ந்து கட்டியது. வடிவமைத்து வரைபடம் போடுவது அண்ணன். ஒட்டுவது, பொருத்துவது, சோதிப்பது எல்லாம் தங்கை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. பனி விழுந்தால் பாதை அடைபட்டுவிடும். அந்த ஆஸ்பத்திரிக்காகத்தான் கொக்கு. கோடை முழுக்க அது ஒரு கோளாறும் இல்லாமல் போய்வந்தது.

பனிக்காலத்தின் முதல் கடுங்குளிரில் விழுந்தது.

அன்று காலை பிரசவமான ஒரு பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் கேட்டு ஃபோன் வந்ததும் கொக்கை அனுப்பினார்கள். மலைமுகட்டைத் தாண்டும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது. தரையிறங்க வேண்டுமானால் இரண்டு பக்க விசிறிகளும் மேல்நோக்கித் திரும்ப வேண்டும். வலப்பக்க விசிறி திரும்பியது, இடப்பக்கம் அசையவில்லை. கொக்கு கரகரவென்று சுழன்று, ஆஸ்பத்திரிக்கு மேலேயிருந்த சரிவில் மோதிச் சிதறியது. அனுப்ப இன்னொரு கொக்கு இல்லை. குழந்தை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை.

பாதை திறந்தபின் உடைந்த பாகங்கள் லாரியில் பட்டறைக்கு வந்தன. தங்கை முதலில் எடுத்தது விசிறியைத் திருப்பும் இடப்பக்க மூட்டைத்தான். மேசையில் வைத்து ஒற்றை விரலால் தள்ளினாள். சத்தமில்லாமல் சுழன்றது.

"மூட்டுல ஒண்ணுமில்ல. மோட்டர்தான் போயிருக்கும்" என்றான் அண்ணன்.

மோட்டரைக் கழற்றிப் பார்த்தாள். நன்றாக ஓடியது.

"அப்ப கிரீஸ். குளிர்ல கெட்டியாயிருக்கும்."

பட்டறை மூலையில் ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய ஃப்ரீசர் இருந்தது. அண்ணன் அதற்கு மாமியார் என்று பேர் சூட்டியிருந்தான். உள்ளே போனால் எப்பேர்ப்பட்ட மருமகளும் விறைத்துத்தான் வெளியே வருவாளாம். கொக்கின் மூட்டுகளையும் அதில் வைத்துத்தான் சோதித்திருந்தார்கள். அப்போதே கொஞ்சம் கனமாகத்தான் சுழன்றன. கிரீஸ்தான் என்று இரண்டு பேருமே சொல்லி விட்டுவிட்டார்கள். ஆனால் மாமியாரின் குளிர் வேறு, மலைமுகட்டின் குளிர் வேறு.

இம்முறை அவள் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து, ஃப்ரீசரைவிடப் பல மடங்கு குளிரும் ட்ரை ஐஸ் என்ற உலர்பனிக்கட்டி வாங்கிவந்தாள். பேரிங்கிலிருந்த கிரீஸைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, மூட்டைப் பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்தாள். எடுத்தபோது தடித்த கையுறையோடு இரண்டு கையாலும் திருகிப் பார்த்தாள். மூட்டு இடிச்சபுளி மாதிரி இருந்தது. அண்ணன் வாங்கித் திருகினான். அவனுக்கும் அசையவில்லை.

கிரீஸ் இல்லை. பிறகு என்ன என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மூட்டின் நடுவே கார்பன் ஃபைபர் குழாய். அதன்மேல் எஃகு பேரிங். பேரிங்கைச் சுற்றி அலுமினிய வளையம். குளிர் ஏற ஏற அலுமினியம் நன்றாகச் சுருங்கும், எஃகு அதில் பாதிதான் சுருங்கும், கார்பனோ அநேகமாகச் சுருங்குவதே இல்லை. வெளியிலிருந்து வளையம் நெரிக்கிறது. உள்ளே குழாய் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. இடையில் மாட்டிய பேரிங்கில், குண்டுகள் உருளத் தேவையான மயிரிழை இடைவெளியும் போய்விடுகிறது. சூடு வந்ததும் எல்லாம் பழையபடி தளர்ந்துவிடும். அதனால்தான் மேசையில் அப்படிச் சுழன்றது.

"எடை குறையட்டும்னு அலுமினியம் போட்டது நான்" என்றான் அண்ணன்.

"வரைபடத்துல கையெழுத்து ரெண்டு பேரும்தானே போட்டோம்ணா?"

அவன் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனான். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அண்ணி ஃபோனில் அழுதாள். "சாப்பிட உக்கார்றார், தட்டையே பாத்துட்டு எழுந்து போயிடறார். பிள்ளைங்க பேசினா 'ம்'ங்கறார். நீயாச்சும் வந்து சொல்லேன்டி."

போனாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு வாரத் தாடி. "நீ சரி பண்ணு. உன்னால முடியும். என்னை மட்டும் கூப்பிடாதே" என்றான்.

ஒரு மத்தியானம் பட்டறைக் கதவு தட்டப்பட்டது. காக்கிக் கோட்டோடு ஒருவர் நின்றிருந்தார். மலைப்பாதையில் பஸ் ஓட்டுபவர். இறந்துபோனது அவருடைய மனைவி.

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"சண்டை போட வரலை மேடம். எது நின்னுபோச்சுன்னு பாக்கணும்."

மூட்டைக் காட்டினாள்.

"பஸ் சக்கரத்துல இருக்கிற பேரிங் மாதிரிதானே?"

"அதேதான் சார். சின்னது."

"அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, அப்படிக் காட்டுங்க."

அவள் தயங்கினாள். அவர் அசையாமல் நின்றார். வேறு வழியில்லாமல் மூட்டைப் பனிக்கட்டிக்குள் புதைத்தாள். உறையும்வரை இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவராகவே பேசினார்.

"ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னேன். வருது வருதுன்னு நர்ஸ் சொன்னாங்க. சத்தம் நல்லாக் கேட்டுச்சு. தலைக்கு மேலேயே வந்துடுச்சு. உள்ள ஓடிப்போய் வந்துடுச்சும்மான்னு அவகிட்ட சொன்னேன். சிரிச்சா."

அவள் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூட்டை எடுத்ததும் கையுறையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். பஸ் ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய கைகள்; கழுத்து நரம்பு புடைக்கத் திருகினார். அசையவில்லை. பிறகு திருகுவதை விட்டுவிட்டு, அதை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். வெகுநேரம் அப்படியே நின்றார். உறைபனி உருகிக் கோட்டு நனைந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி திருப்பினார். சுழன்றது.

"இவ்வளவு சூடு போதுமா?" என்று கேட்டார்.

"போதும் சார்."

மூட்டை மேசையில் வைத்தார். "யார் தப்பு?"

"எங்க ரெண்டு பேரோடதும். நானும் எங்கண்ணனும். மாமியா... அந்த ஃப்ரீசர்ல வெச்சுப் பாத்தோம். அது பத்தாதுன்னு தோணலை."

"மன்னிக்கிறதுக்கெல்லாம் எனக்கு மனசு வரலை" என்றார். "ஆனா என் ரூட்டுல இன்னும் ரெண்டு பொண்ணுங்க மாசமா இருக்காங்க. அடுத்த பனிக்குள்ள இது ஓடணும்."

போகும்போது கதவருகே நின்று, "உங்கண்ணன் எங்க?" என்றார்.

"வர்றதில்லை சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினார்.

கோடை முழுவதும் அவள் அந்த மூட்டோடு மல்லுக்கட்டினாள். அலுமினியத்தை எடுத்துவிட்டு, அவ்வளவாகச் சுருங்காத டைட்டானியத்தில் வளையம் செய்தாள். குண்டுகளுக்கு இடம் கூடுதலாக உள்ள பேரிங்காகத் தேடிப் போட்டாள். வளையத்துக்கும் பேரிங்குக்கும் நடுவில் நெளிநெளியாக மடித்த மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் செருகினாள். நெரிசல் வந்தால் அந்த நெளிவு அமுங்கித் தாங்கிக்கொள்ளும். முதல் தகடு வெயிலில் தளர்ந்து கடகடவென்று ஆடியது. அடுத்தது பனிக்கட்டியில் பிளந்தது. குளிருக்குச் சரியானது வெயிலுக்கு ஆகவில்லை, வெயிலுக்குச் சரியானது குளிருக்கு ஆகவில்லை. இரண்டுக்கும் ஒத்துவந்தது கிடைத்தபோது பக்கத்தில் சொல்ல ஆளில்லை. அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். அவன் கேட்டுக்கொண்டான். "நல்லதும்மா" என்றான். நாற்காலி, அலமாரிக்கு டிசைன் வரைந்து தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான்.

"நாற்காலி விழுந்தா ஒண்ணரை அடிதானே" என்றான். சிரிக்க முயன்றான் போலிருந்தது.

மறு பனிக்காலத்தில் பாதை அடைபட்ட நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. ஒரு விபத்துக் கேஸ். புதுக் கொக்கு கிளம்பியது. அவள் திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு, விசிறி ஒவ்வொன்றும் திரும்பியதும் அடிக்கும் மணிக்குக் காத்திருந்தாள். மணி ஒருமுறை அடித்தது. உடனேயே இன்னொரு முறை.

சற்று நேரத்தில் பஸ்காரர் ஃபோனில் கூப்பிட்டார். பாதை அடைபட்டதால் பஸ் ஓடவில்லை. கொக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்திருந்தார். பெட்டியை இறக்கி உள்ளே கொண்டு கொடுத்தது அவர்தான்.

"வந்துடுச்சு மேடம்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

எதிர்முனையில் காற்று இரைந்தது. ஒரு குழந்தையின் மழலையும் கேட்டது. தூக்கி வைத்திருந்தார் போல.

"பெட்டி இவ்வளவு லேசாவா இருக்கும்?" என்றார். "எனக்குத் தெரியாது மேடம். அன்னைக்கு இதைத் தூக்கிட்டு நான் நடந்தே வந்திருப்பேனே."

அந்த மலையைக் காலால் தாண்ட ஒரு பகல் போதாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. குழந்தை ஃபோனைப் பிடுங்கியிருக்க வேண்டும், தொடர்பு அறுந்துபோனது. கொக்கு திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை வாங்கி இறக்கத் தனியாக முற்றத்துக்குப் போனாள்.