கொபினாவுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது

எங்கள் கேப் கோஸ்ட் ஊரில் வாசலில் நின்று யாராவது "அகோ" என்று குரல் கொடுத்தால், உள்ளே இருப்பவர் "அமே" என்று சொல்லியாக வேண்டும். அடுப்பில் மீன் கருகினாலும் சரி, உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நின்றாலும் சரி. சொல்லாதவளை அவள் அம்மாவோடு சேர்த்துத் திட்டுவார்கள். இந்த மரியாதைதான் என் நிம்மதியைக் கெடுத்தது.

என் சாம்பல் கிளி செவ்வாய்க்கிழமை வந்ததால், அன்று பிறக்கும் பையன்களுக்கு எங்கள் ஊரில் வைக்கும் கொபினா என்ற பெயரே அவனுக்கும். ஒரு முற்றம், ஆறு குடித்தனம். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு நாளைக்கு இருநூறு தடவை "அகோ!" என்று கத்துவான். எதிர் அறை எகுவா அக்கா கென்கே என்ற மக்காச்சோள உருண்டை விற்பவள். விடியுமுன் எழுந்து மாவு கிண்டுவதால் பகலில்தான் தூங்குவாள்.

"அராபா, சனிக்கிழமை வீட்டுக்காரர் வர்றாரு. புகார் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஒண்ணு அது போகணும், இல்ல நான் போகணும். நான் போக மாட்டேன், பாத்துக்கோ."

"அக்கா, பாவம், வாயில்லா ஜீவன்…"

"எது? அதுவா வாயில்லாதது?"

அவள் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். ஐந்து வருஷமாக என் அறையில் தையல் மெஷினைத் தவிர எனக்கு அவன்தான் துணை. அவனை அனுப்பிவிட்டு நான் யாரோடு சண்டை போடுவது?

கூண்டைத் துணியால் மூடினேன். துணிக்குள்ளிருந்து கத்தினான். திட்டினேன். என் குரலிலேயே என்னைத் திட்டினான். கடைசியில் தையலை ஓரம் வைத்துவிட்டு ஒரு மதியம் முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அகோ!" என்றான். ஆறு அறையிலிருந்தும் "அமே!" வந்தது. எகுவா அக்கா தூக்கத்திலேயே சொன்னாள். உடனே சிவப்பு வாலை விரித்து ஒரு ஆட்டம் போட்டான். மறுபடி "அகோ!"

அட, கெட்ட பழக்கம் கிளிக்கு இல்லை, எங்களுக்குத்தான்.

எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். கத்தினால் யாரும் வாய் திறக்கக் கூடாது. மெதுவாக விசில் அடித்தால் ஆளுக்கு ஒரு கடலை கொடுக்க வேண்டும்.

"பதில் சொல்லாம எப்படிடி இருக்கறது? நாக்கு அரிக்குமே!" என்றாள் எகுவா அக்கா.

"வாயில கென்கேயை அடைச்சுக்கோ."

முதல் நாள் முன்னைவிட மோசமாகக் கத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். இரண்டாம் நாள் மதியம் களைத்துப்போய்ச் சின்னதாக ஒரு விசில் அடித்தான். ஆறு குடித்தனமும் கடலையோடு ஓடியது. வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு, பத்தாகக் குறைந்தது. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. அந்தப் பத்தை வீட்டுக்காரர் காதில் போட்டுவிட்டால்?

சனிக்கிழமை காலை, "அகோ!"

யாரும் அசையவில்லை.

"அகோ! அகோ!"

"பாத்தியா, குரலை மாத்திக் கூப்பிடறான் திருடன்," என்று எகுவா அக்கா கிசுகிசுத்தாள். நான் அவனை முறைக்கத் திரும்பினேன். கொபினா வாய் நிறையக் கடலையோடு உட்கார்ந்திருந்தான். எனக்கு உயிரே போய்விட்டது.

நான் வாய் திறக்குமுன் அவன் கடலையைக் கீழே போட்டு, என் குரலில் சொன்னான்: "அமே! வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க."

வீட்டுக்காரர் போட்சியோ ஐயா வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஆறு குடித்தனம் இருக்கற வீட்ல மரியாதை தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தானா?" என்றார். "எகுவா, ஏதோ புகார்னு சொல்லி அனுப்பினியே, என்னம்மா?"

எகுவா அக்கா என்னைப் பார்த்தாள். கிளியைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. இவனுக்குக் கடலை பத்தலை, அதைச் சொல்லலாம்னுதான்."