மோந்து பார்க்கும் வைபவம்

1

மனித குல வரலாற்றில் மகத்தான செய்தி ஒன்றை அறிவிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டி, ஆந்திர மண்ணில் நாலாவது கிலோமீட்டரில் அமைந்துள்ள சரவணகுமார் ஒயின்ஸ் என்னும் தனியார் ஸ்தாபனம், ஆங்கிலப் புத்தாண்டை முன்னிட்டு, இரண்டு பாட்டில் எடுப்போருக்கு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வழங்குகிறது. ஜனவரி முதல் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே 'உயர்தர ஒயின் ருசி பார்க்கும் வைபவம்' நடைபெறும். அனுமதி இலவசம். குடும்பத்துடன் வருக.

கதை பிறந்தது இந்த நோட்டீஸில்தான். கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதமாக என் கைக்கு வந்தது. 'குடும்பத்துடன்' என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் தட்டியது. சந்தேகப்படுவதுதான் என் வேலை. கதை எழுதுவது என்பது அதற்கு நான் வைத்திருக்கும் கௌரவமான பெயர்.

(நம் பக்கத்தில் ஒயின் ஷாப் என்றால் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் இடம். அங்கே ஒயின் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'மார்கழிப் பனி வயல்வெளியை மெல்லத் தழுவிக்கொண்டிருந்த அந்த' —

மத்தியானத்தில் ஏது பனி? அடித்தாயிற்று.

'கிருஷ்ணஸ்வாமி தன் நெற்றித் திருமண்ணை ஈரத் துண்டால் துடைத்தபோது, ஏழு தலைமுறையையும் சேர்த்துத் துடைப்பதாக' —

அவர் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. துடைத்தும் மூன்று கோடு வெளுப்பாகத் தெரிந்தது. மகள் ஸுப்ரஜா காலேஜ் டூரில் வாங்கிய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணஸ்வாமிக்கு ஐம்பத்து நாலு வயது. கடம்பத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோயிலின் மடைப்பள்ளியில் சமைக்கிறவர். பெருமாளுக்குப் படைக்கும் முன் ஒரு பருக்கை நாக்கில் பட்டாலும் அது எச்சில். ஆகவே உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் மூக்குதான் சொல்ல வேண்டும்.*

* மோந்து பார்ப்பதே தப்பு என்பவர்களும் உண்டு. 'நான் மோக்கறதில்லை. ஆவி தானா வரது, மூக்கு அங்கே இருக்கு' என்பது கிருஷ்ணஸ்வாமியின் கட்சி.

போன ஐப்பசியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அந்த மூக்கின் மேல் அவருக்கே சந்தேகம். புளியோதரை இரண்டு முறை கரித்தது. கோயில் கமிட்டித் தலைவர் வெங்கட்ரமணன், ஒரு சாம்ராஜ்யத்தை ஒப்படைக்கும் குரலில், "இன்னொரு தடவை உப்பு தப்பித்துன்னா மடைப்பள்ளி ப்ரஹ்லாத்துக்கு" என்று சொல்லிவிட்டார். ப்ரஹ்லாத் கிருஷ்ணஸ்வாமிக்குச் சித்தப்பா பிள்ளை. வயது குறைவு, மூக்கு நீளம்.

வீட்டில் சோதித்துப் பார்த்தார். பெருங்காய டப்பாவைத் திறந்தால் வாசனை வந்தது. ஆனால் உள்ளே இருப்பது பெருங்காயம் என்று கண்ணுக்குத் தெரிகிறதே. வருவது வாசனையா, ஞாபகமா? பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட மோந்திராத வஸ்து ஒன்று வேண்டும். அதில் நாலு விதம் வேண்டும். நாலையும் பிரித்துச் சொன்னால் மூக்கு உயிரோடு இருக்கிறது.

இப்போது புரிகிறதா, ஒரு மடைப்பள்ளிக்காரருக்கு ஒயின் கடையில் என்ன வேலை என்று? எனக்கே மூன்றாவது திருத்தத்தில்தான் புரிந்தது.

3

சாயந்திரப் பொறுப்பை ப்ரஹ்லாத்திடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. "ஸுப்ரஜாவுக்கு ஒரு வரன் விஷயமா போறேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ராகு காலமாச்சே அண்ணா" என்றான் ப்ரஹ்லாத். கேட்டுவிட்டு அவர் நெற்றியைப் பார்த்தான்.

பைக்கோடு காத்திருந்தவன் பூவராகவன். கூடப் படித்தவன், தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், சரவணகுமார் ஒயின்ஸின் நிரந்தர வாடிக்கையாளன்.

"இன்னா சாமி, தொப்பியெல்லாம் போட்டுக்கினு? அம்பயர் மாரி கீற."

"சத்தம் போடாதேடா. வண்டிய எடு."

"எட்டாங்கிளாஸ்ல கலர் சோடா வாங்கித் தந்ததுக்கே எச்சில்னு ஓடுன. இன்னிக்கு நீயே கேட்டுக்கினு வர. ஊட்ல எதனா பேஜாரா?"

"மோந்துதான் பார்க்கப் போறேன்."

"அல்லாரும் அப்டித்தான் சாமி ஸ்டார்ட் பண்றது."

(பூவராகவனை நான் முழுக்க நம்பவில்லை. கதையில் சிரிக்கவைப்பதற்காக வருகிறவன் எப்போதும் எதையாவது மறைப்பான். வழியெல்லாம் கிருஷ்ணஸ்வாமிக்கும் அதே கவலை: இவன் யாரிடம் போய் உளறுவான்?)

4

கடைக்குப் பின்னால் ஷாமியானா. இருபது பேர்: லாரி முதலாளிகள், காண்ட்ராக்டர்கள், டை கட்டிய இரண்டு மேனேஜர்கள். குடும்பத்துடன் யாரும் வரவில்லை. ஆளுக்கு நாலு கண்ணாடிக் கிளாஸ். ஒவ்வொன்றிலும் அடி தெரிய இரண்டு விரல் சிவப்பு. முதலாளி சரவணகுமார் கை கூப்பினார்.

"ஒரு விசயம் நைனா. இங்க குடிக்கறதுக்குப் பர்மிட் இல்ல. குடிச்சா கேசு. மோந்து பாத்தா இன்னா கேசு? மூக்குக்குச் செக்சன் கெடையாது."

ருசி பார்க்கும் வைபவம் இப்படியாக மோந்து பார்க்கும் வைபவம் ஆனது. கூட்டம் முணுமுணுத்தது. கிருஷ்ணஸ்வாமிக்கு மட்டும் உயிர் வந்தது.

கோட்டுப் போட்ட நிபுணர் ஒருவர் முன்னால் வந்து கிளாஸைச் சுழற்றினார். "முதலாவது. மழை விட்ட செம்மண். கனிந்த நாவல்பழம். தூரத்தில் ஒரு சந்தன மரம்."

இருபது மூக்குகள் இறங்கின. "ஆமா, சந்தனம்" என்றார் ஒரு லாரி முதலாளி.

"தூரத்துல" என்று திருத்தினார் பக்கத்து மேனேஜர்.

"இரண்டாவது. வெட்டிய புல். எலுமிச்சைத் தோல். கடற்காற்று."

"எண்ணூர் கடலா சார்?"

"இத்தாலி" என்றார் கோட்டுக்காரர்.

கிருஷ்ணஸ்வாமி கண்ணை மூடி முதல் கிளாஸை மோந்தார். வாசனை இருந்தது, வெல்லப்பாகு புளித்த மாதிரி. நெஞ்சு லேசானது. இரண்டாவதை மோந்தார். அதே வெல்லப்பாகு. மூன்றாவது, நாலாவது, மறுபடி முதலாவது. எல்லாம் ஒன்று. தொப்பிக்குள் வேர்த்தது.

"எங்க சாமியக் கேளுங்க" என்றான் பூவராகவன், யாரும் கேட்காமலே. "வாய வைக்காம ஊருக்கே சமைக்கிற மூக்கு இது."

எல்லோரும் திரும்பினார்கள். கோட்டுக்காரர் புன்னகைத்தார். "சொல்லுங்கள் சார், நாலாவதில் என்ன உணர்கிறீர்கள்?"

சந்தனம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த வரியை எழுதியும் பார்த்தேன். அவர் வாயில் அது நுழையவில்லை.

"நாலும் ஒண்ணுதான்" என்றார்.

கோட்டுக்காரர் சரவணகுமாரைப் பார்த்தார். சரவணகுமார் அவரைப் பார்த்தார். பிறகு கிருஷ்ணஸ்வாமியின் கையைப் பிடித்து, அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"யார் அனுப்சது உங்கள? எக்சைசா?"

"யாரும் அனுப்பலை. நாலும் ஒண்ணா இல்லையா? எனக்குத் தெரிஞ்சாகணும்."

"நாலும் வேற வேற கம்பெனி. ஏழுமலையான் மேல சத்தியம்."

"அப்போ என் மூக்கு போயிடுத்து."

"மூக்கு சூப்பரா கீது சாமி. வெளிய போயி எதுவும் பேசாதீங்க."

"சூப்பரா இருக்குன்னா, நாலும் ஒண்ணுதானே?"

"நான் அப்டிச் சொல்லல நைனா."

"இதோ பாருங்கோ, நான் போலீஸ்ல சொல்ல மாட்டேன். ஏமாத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. நான் நிம்மதியா ஊர் போய்ச் சேருவேன்."

இருபது வருஷ வியாபாரத்தில் சரவணகுமாரிடம் யாரும் இப்படி யாசித்ததில்லை. அவர் பயந்துபோனார். இரண்டு டிபன் பாக்ஸை கிருஷ்ணஸ்வாமியின் கையில் திணித்து, பூவராகவனைக் கூப்பிட்டு, பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தார்.

5

இப்போது முடிவு.

முதல் முடிவு: சரவணகுமார் ஒரே பீப்பாயிலிருந்து நாலு பாட்டிலையும் நிரப்பியவர். மூக்கு வென்றது. எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறது. அதனாலேயே நான் நம்பவில்லை.

இரண்டாவது: மூக்கு செத்துவிட்டது. கிருஷ்ணஸ்வாமி கரண்டியை ப்ரஹ்லாத்திடம் நீட்ட, அவர் கண்ணில் ததும்பிய — போதும். இதை எழுதினால் எனக்குப் பரிசு கொடுப்பார்கள். வேண்டாம்.

மூன்றாவதாக, நானே போய் நாலு பாட்டிலையும் வாங்கி வந்தேன். (நான் எழுதிய கடையில் எனக்கு எப்படி விற்றார்கள் என்று கேட்காதீர்கள். டிபன் பாக்ஸ்கூடக் கொடுத்தார்கள்.) முதல் இரண்டும் வேறு வேறு மாதிரிதான் பட்டது. மூன்றாவதுக்குப் பிறகு ஆராய்ச்சி தடைபட்டது.

ஆகவே அந்தக் கிளாஸ்களில் என்ன இருந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது திங்கட்கிழமைக் காலை மட்டும்.

வெண்பொங்கல் விநியோகம். வெங்கட்ரமணன் தொன்னையை வாங்கி, கண்ணை மூடி, ஒரு வாய் போட்டு, வெகுநேரம் மென்றார். வரிசை காத்திருந்தது. தூணோரம் ப்ரஹ்லாத் காத்திருந்தான். தலைவர் கண்ணைத் திறந்தார். "இதுதான் உப்பு. எள்ளளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ப்ரஹ்லாத், கத்துக்கோ" என்று சொல்லி இன்னொரு தொன்னை கேட்டார். பின்னால் நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

கிருஷ்ணஸ்வாமி அன்று பொங்கலில் உப்பே போடவில்லை.